அணுவுக்குக் கை தூக்கியவர்கள்

போன வாரம் ஸ்கூட்டர் பழகப் போய் நான் ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் விழுந்ததை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு பழைய மாணவி ஒருத்தி போன் எடுத்தாள். "விழுந்ததையெல்லாம் எழுதுறீங்க டீச்சர், நம்ம நாடகத்த மட்டும் ஏன் எழுதல?" என்றாள்.

"அதுவும் விழுந்த கதைதானே" என்றேன்.

"அப்ப எழுதுங்க" என்று வைத்துவிட்டாள்.

சரி, எழுதிவிடுகிறேன்.

பள்ளிக்கூட மண்டபத்து மேடையில் பஜார் கடைக்காரர் செல்லையா முதலாளி நிற்கிறார். உடம்பில் வெள்ளைப் படுக்கை விரிப்பைச் சுற்றியிருக்கிறார். நாடியில் பஞ்சுத் தாடி. அவர் அப்போது இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய கிரேக்க நாட்டு ஞானி. நான் எழுதிய வசனப்படி அந்த இடத்தில் அவர், "என் கூற்றில் குறை உண்டு போலும்" என்று சொல்லித் தலைகுனிய வேண்டும்.

அவர் குனியவில்லை. மைக்கை ஸ்டாண்டிலிருந்து உருவிக் கையில் எடுத்தார்.

"அணுவாம் அணு! இந்த ஹோல்ல அதக் கண்ணால பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? இருந்தா எந்திரிங்க பாப்போம்!"

ஒருவரும் எழும்பவில்லை. பிறகு கைதட்டல் கிளம்பியது. தகரக் கூரையில் ஐஸ்கட்டி மழை கொட்டிய மாதிரி ஒரு கைதட்டல். திரைக்குப் பின்னால் வசனத் தாளோடு நின்ற நான் விஞ்ஞானப் பட்டதாரி. ஆனாலும் உண்மையைச் சொல்வதென்றால் நானும் அணுவைப் பார்த்ததில்லை.

அவருக்கு எதிரே, பள்ளிக்கூட அதிபரின் அறை ஜன்னல் திரையைத் தோளில் போட்டுக்கொண்டு, அணுக் கொள்கையைக் கண்டுபிடித்தவராக நின்றவர் என் மாணவி ஒருத்தியின் அம்மா, மல்லிகா அக்கா. இலங்கை மலைநாட்டு நோர்வூட் குளிரில் அவருக்கு மட்டும் வேர்த்துக்கொண்டிருந்தது.

பனிஸுக்குள் ஒரு பிளம்ஸ்

நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனது பட்டம் முடித்த புதிதில். நோர்வூட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம், பிறகு தேயிலை மலைக்குள் நடை. சாதாரண தரம், அதாவது பதினோராம் வகுப்பு வரைக்கும்தான் அங்கே. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்றால் ஹட்டனுக்குப் போக வேண்டும். விடியற்காலை பஸ், பொழுது சாய்ந்து திரும்பும் பஸ். பல வீடுகளில் பொம்பளைப் பிள்ளைகளின் படிப்பு அந்த பஸ்ஸைப் பார்த்தே நின்றுபோனது.

அங்கே நான் எடுத்த முதல் பாடம் அணு. எனக்குப் பிடித்த பாடமும் அதுதான்.

ஒரு பொருளை வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் என்ன மிஞ்சும்? இந்தக் கேள்வியைக் கிரேக்கத்தில் ஒருவர் கேட்டார். வெட்டவே முடியாத ஒன்று மிஞ்சும், அதற்குப் பெயர் அணு, அணுக்களுக்கு நடுவில் வெறும் வெற்றிடம் என்றார். நம் இந்தியப் பக்கத்திலும் ஒரு முனிவர் ஏறக்குறைய அதையே சொல்லியிருக்கிறார். இருவர் கையிலும் எந்தக் கருவியும் கிடையாது. யோசித்தார்கள், அவ்வளவுதான்.

ஊர் அவர்களை நம்பவில்லை. மண், நீர், காற்று, நெருப்பு, இந்த நாலும் சேர்ந்ததுதான் உலகம், வெற்றிடம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று அதைவிடப் பேர்பெற்ற இன்னொரு ஞானி அடித்துச் சொன்னார். சொன்னவர் பெரிய ஆள். அதனால் உலகம் இரண்டாயிரம் வருடத்துக்கு அவர் பக்கம் நின்றது.

அதற்குப் பிறகு இங்கிலாந்தில் ஒருவர் வந்து அணுவைத் தூசு தட்டி எடுத்தார். தங்கம், இரும்பு என்று ஒவ்வொரு மூலகத்தின் அணுவுக்கும் ஒவ்வொரு நிறை உண்டு என்றார். வட்டம் வட்டமாகப் படம் போட்டார். அவர் பள்ளிக்கூட வாத்தியார். சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்குச் சரியாகப் பிரிந்து தெரியாதாம். வண்ணம் தெரியாத மனிதர் கண்ணுக்கே தெரியாத ஒன்றைப் பார்த்துவிட்டார் என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் என் குரல் தானாக உயரும். பிள்ளைகள் அசைய மாட்டார்கள். அவர்கள் ஜன்னல் வழியாக மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து வந்தது புடிங் தொல்லை. அணு என்பது ஒரு புடிங் மாதிரி, அதற்குள் இலத்திரன்கள், அதாவது எலக்ட்ரான்கள், பிளம்ஸ் மாதிரி பதிந்திருக்கின்றன என்று பிறகு வந்த ஒரு விஞ்ஞானி சொன்னார். அந்தப் புடிங்கை என் பிள்ளைகள் யாரும் கண்டதில்லை. நானும் கண்டதில்லை. அதனால் பஜார் பேக்கரியில் பனிஸ், அதாவது பிளம்ஸ் என்கிற காய்ந்த திராட்சை பதித்த பன், வாங்கிக்கொண்டு போனேன். ஆளுக்கொன்று கொடுத்து, "பிச்சுப் பாருங்க, உள்ளுக்குள்ள அங்கங்க பிளம்ஸ் இருக்கும். அதுதான் இலத்திரன்" என்றேன்.

பிய்த்தார்கள். தேடினார்கள். பேக்கரிக்காரர் கைச்சுருக்கமான ஆள்.

"டீச்சர், எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு" என்றாள் தர்ஷினி. பிறகு பனிஸைத் தூக்கிப் பிடித்து, "அப்ப இது ஐதரசன்" என்றாள். ஐதரசன் அணுவில் இலத்திரன் ஒன்றே ஒன்றுதான்.

அன்றைக்கே முடிவு செய்தேன். இந்தப் பிள்ளை உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வேண்டும். எங்கே படிப்பது என்பதுதான் கேள்வி.

ஆகாயம் காணாமல் போனது

எங்கள் பள்ளிக்கூடத்திலேயே உயர்தர விஞ்ஞான வகுப்பு கேட்டு அதிபர் எழுதாத கடிதம் இல்லை. கடைசியில் ஒரு பதில் வந்தது. விஞ்ஞான தினத்துக்கு அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள், பெற்றோரின் பங்களிப்பும் கவனிக்கப்படும் என்று அதில் இருந்தது.

அதிபர் அந்தக் கடைசி வரிக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டு என்னிடம் நீட்டினார். "டீச்சர், பெத்தவங்கள வச்சு ஏதாச்சும் செய்யுங்க. டான்ஸ் மட்டும் வேணாம்."

அணுவின் கதையை நாடகமாக எழுதினேன். நடிக்கப் போவது பெற்றோர்.

பள்ளி அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர் செல்லையா முதலாளி. பஜாரில் ஹாட்வெயார் கடை. மைக் அவருடையது, மேடைத் திரை அவருடையது, திரையைத் தொங்கவிட்ட கம்பியும் அவர் கடைக் கம்பி. திருவிழா என்றால் அறிவிப்பாளர் அவர்தான், செத்த வீடு என்றால் இரங்கல் உரையும் அவர்தான். அவருக்கு வேடம் கொடுக்காமல் நாடகம் நடத்துவது பற்றி யோசிக்கவே முடியாது. நான் பிரதியைக் கொடுத்தேன். அவர் கதையைப் படிக்கவில்லை. யாருக்கு வசனம் அதிகம் என்று மட்டும் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"நாலு பூதம் சொல்ற ஞானி. இதுதான் எனக்கு" என்றார். அடுத்த நொடியே நிமிர்ந்தார். "அது என்ன டீச்சர் நாலு? நம்மகிட்ட அஞ்சு இருக்கே. ஆகாயத்த யாரு களவெடுத்தா?"

"கிரேக்கத்துல நாலுதாங்க முதலாளி. ஆகாயம் மாதிரி ஒண்ண பிறகுதான் சேத்துக்கிட்டாங்க."

"பிந்தித்தான் புத்தி வந்திருக்கு" என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

அணு சொல்லும் ஆளாக நடிக்க ஒருவரும் கிடைக்கவில்லை. கடைசியில் தர்ஷினி தன் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். மல்லிகா அக்காவுக்கு வீடு தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மேல் லயத்தில், வேலை தேயிலை ஸ்டோரில். தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்போம். காய்ந்த தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும் பகுதியில் நிற்பவர். காது பிளக்கும் இரைச்சலில் நின்று நின்று, மெதுவாகப் பேசவே மறந்துபோனவர். ஆனால் முதலாளியின் முன்னால் மட்டும் அந்தக் குரல் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது.

மூடருங்க

ஒத்திகையில் அவருடைய முதல் வசனம் இது: "மூடரே! வெற்றிடம் இல்லையேல் அணுக்கள் எங்ஙனம் அசையும்?"

மல்லிகா அக்கா தாளைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார்.

"மூடருங்க..." என்றார்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அவரை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

"என்னக்கா?"

"அவரு கடையில போயி நிண்டு, முதலாளி ஒரு பூட்டு குடுங்கன்னு கேக்குற ஆளு டீச்சர் நானு. அவர எப்புடி மூடர்னு சொல்றது? நாளைக்கு ஆணி வாங்கப் போகணுமே."

"மூடரே" என்பதை வெட்டி "அறிஞரே" என்று மாற்றினேன். முதலாளிக்குப் பரம திருப்தி. "இப்பதான் டீச்சர் வசனம் வசனமா இருக்கு" என்றார்.

மூன்றாவது ஒத்திகையில்தான் அவர் கடைசிப் பக்கத்தைப் படித்தார்.

"டீச்சர், இங்க நான் தோக்குறேனே?"

"ஆமாங்க முதலாளி. சரித்திரம் அப்படி."

"எத்தன வருசம் கழிச்சுத் தோக்குறேன்?"

"ஒரு ரெண்டாயிரம் வருசம்."

"அப்ப இந்த நாடகத்துல ஏன் அர மணித்தியாலத்துல தோக்கணும்?"

"கதைக்காகச் சுருக்கியிருக்கேங்க" என்று சமாளித்தேன். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த மடிப்பைப் பார்த்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

சூடத்துக்கு எழும்பிய சபை

அதிகாரிகள் வந்த அன்று காலையிலிருந்தே மண்டபத்தில் இடமில்லை. தோட்டத்தில் அரை நாள் கொழுந்தெடுத்து, அதற்குப் பேர் போட்டுவிட்டு வந்த பெண்கள், கூடையை வெளியே அடுக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்தார்கள். அதிகாரிகளில் பெரியவர் ஒரு சிங்கள மேடம். தமிழ் பேசுவார், ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைத்து எடுத்து வைத்துப் பேசுவார்.

முதலாளி நாலு பூதங்களையும் மேடைக்குக் கொண்டுவந்திருந்தார். சட்டியில் மண், செம்பில் தண்ணீர், காற்றுக்கு மேசை விசிறி, நெருப்புக்குத் தட்டில் சூடம். மெழுகுதிரி போதும் என்று நான் சொல்லியிருந்தேன். அவர் கேட்கவில்லை.

"நெருப்பே! நீயே மூலம்!" என்று கர்ஜித்துச் சூடத்தைப் பற்ற வைத்தார்.

முன்வரிசையிலிருந்த ஒரு வயதான அம்மா எழும்பிக் கும்பிட்டார். அவரைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர் எழும்பினார். பிறகு மண்டபமே எழும்பி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. இதுதான் வைபவத்தின் ஆரம்பம் போலிருக்கிறது என்று நினைத்து மேடமும் மற்ற அதிகாரிகளும் எழும்பிக் கைகூப்பினார்கள். தட்டைச் சுற்ற வேண்டிய கட்டாயம் முதலாளிக்கு வந்துவிட்டது. மூன்று சுற்றுச் சுற்றினார்.

அதன் பிறகு விசிறியைப் போட்டார்கள். சூடம் அணைந்தது. தாடி ஒரு பக்கம் பிய்ந்து காதுவரை பறந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. சபை அவரைச் சாமி இடத்தில் வைத்துவிட்டது. இனி அணு எங்கே ஜெயிப்பது?

தொடக்கத்தில் நான் சொன்ன இடம் இதற்குப் பிறகு வந்ததுதான். தலைகுனிய வேண்டியவர் மைக்கை உருவி, அணுவைப் பார்த்தவர்களை எழும்பச் சொன்னார். கைதட்டல் அடங்கியது. எல்லோரும் மல்லிகா அக்காவைப் பார்த்தார்கள். அவருக்கு நான் எழுதிய வசனம், முதலாளி தலைகுனிந்த பிறகு பேசும் வசனம். குனியாத முதலாளிக்குப் பதில் சொல்ல அதில் ஒரு வரிகூட இல்லை.

திரைக்குப் பின்னாலிருந்து நான், "அக்கா, கும்பிட்டுட்டு வந்துருங்க" என்று கிசுகிசுத்தேன். முன்வரிசை ஓரத்தில் தர்ஷினி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மேல் லயத்துப் படி

மல்லிகா அக்கா வரவில்லை. ஜன்னல் திரையை இழுத்து இடுப்பில் செருகினார். பிறகு ஸ்டோர்க் குரலில் ஆரம்பித்தார். அந்தக் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை.

"முதலாளி, எங்க மேல் லயத்துக்கு ஏறுற கல்லுப் படி இருக்கு. பாத்திருக்கீங்களா?"

முதலாளி எதிர்பார்க்கவில்லை. "நான் எதுக்கு அங்க வாறேன்?" என்றார்.

"வரமாட்டீங்க. அது நடுவுல குழிஞ்சு கெடக்கு. மழ பேஞ்சா தண்ணி நிக்கும், கோழி வந்து குடிக்கும். நான் கல்யாணம் முடிச்சு வந்தப்ப இவ்வளவு குழி இல்ல. நான் தினம் அந்தப் படியிலதான் ஏறி எறங்குறேன். ஒரு நாளாச்சும் அது தேயிறதப் பாத்ததில்ல. நேத்தும் தேயல, இன்னைக்கும் தேயல. ஆனா தேஞ்சிருக்கு. அப்ப தெனமும் ஏதோ ஒண்ணு அதுலருந்து போயிருக்குங்களே? கண்ணுல படாத அளவுக்குப் போயிருக்கு. அது என்னா?"



"மழ" என்றார் முதலாளி.

"மழ எதக் கொண்டு போச்சு?"

"கல்ல."

"எவ்வளவு கல்ல? நீங்க பாத்தீங்களா?"

முதலாளி மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். திரும்ப இறக்கினார். பதினைந்து இருபது வருடமாக அவர் கையில் மைக் இருந்து பேச்சு வராமல் போனதை நோர்வூட்டில் யாரும் பார்த்ததில்லை.

"அதத்தான் இந்த டீச்சரு அணுங்கிறாங்க" என்று முடித்தார் மல்லிகா அக்கா. பிறகு எங்கே நிற்கிறோம் என்பது ஞாபகம் வந்தது போல, "மன்னிச்சுக்கங்க முதலாளி" என்று கும்பிட்டுவிட்டு மேடையின் தப்பான பக்கத்தால் இறங்கிப் போய்விட்டார்.

படி தேய்வதையும் மோதிரம் தேய்வதையும் காட்டி அணுவுக்காக வாதாடிய பழங்காலத்து ஆட்கள் இருந்தார்கள். பல்கலைக்கழகத்தில் நான் அதைப் படித்திருக்கிறேன். ஆனால் மல்லிகா அக்காவிடம் சொன்னதில்லை. நாடகத்தில் எழுதவும் தோன்றவில்லை. அந்தப் படியில் நானும் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறேன். வழுக்கும், கவனமாக ஏற வேண்டும் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றியதில்லை.

வாக்கெடுப்பு

கடைசியில் மேடம் மேடைக்கு வந்தார். "நல்லது. இப்ப நீங்க சொல்லுங்க. யார் சரி? கை தூக்குங்க" என்றார்.

நாலு பூதத்துக்குக் கை தூக்கச் சொன்னபோது மண்டபம் கைகளால் நிறைந்துபோனது. அதிபரும் தூக்கினார்.

அணுவுக்கு மூன்று கை. நான், தர்ஷினி, பிறகு வாசலில் சாய்ந்து நின்ற அதிகாரிகளின் டிரைவர். தமிழ் சரியாகத் தெரியாததால் நாடகத்தில் அவருக்குப் பாதி விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற பியோனிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். முன்பு கல் உடைக்கும் வேலை செய்தவர், "கல் தேயத்தான் செய்யும் மிஸ்" என்று பிறகு சிங்களத்தில் என்னிடம் சொன்னார்.

அணு தோற்றுவிட்டது. வகுப்பும் போய்விட்டது என்றே நினைத்தேன். சமையல் கொட்டிலுக்குப் பின்னால் மல்லிகா அக்காவைக் கண்டதும் கேட்டேன்.

"அக்கா, நீங்க கையத் தூக்குனத நான் பாக்கலையே?"

"தூக்குனேன் டீச்சர். முதலாளிக்கு."

"என்னக்கா!"

"வயசுல பெரியவரு. சபையில ஒரேயடியா தோத்தா நல்லாவா இருக்கும்?"

மேடம் போகும்போது என்னைக் கூப்பிட்டார். "அந்தப் படிக் கதை, நீங்க எழுதினதா?"

பொய் சொல்லத் தோன்றியது. "இல்லை மேடம், அவங்களா பேசினது" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார். அறிக்கையில் என்ன எழுதினார் என்பது எனக்குத் தெரியாது. பல மாதம் கழித்து, நாங்கள் மறந்துபோன பிறகு, உயர்தர விஞ்ஞான வகுப்புக்கு அனுமதிக் கடிதம் வந்தது. முதல் வருடம் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாமல் நானே அதையும் இழுத்துப் பிடித்தேன். முதல் வரிசையில் தர்ஷினி உட்கார்ந்திருந்தாள். போனில் என்னைச் சீண்டியவள் அவள்தான். இப்போது அவளும் டீச்சர்.

நாடகம் முடிந்து ஒரு வாரம் நான் ஹாட்வெயார் கடைப் பக்கம் போகவில்லை. பிறகு வகுப்பறைக் கதவுக்குக் கொண்டி வாங்கப் போனேன். முதலாளி என்னைக் கண்டதும் கடைப்பையன்களை உள்ளே சாமான் அடுக்க அனுப்பினார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"டீச்சர், ஒரு விசயம். நேத்து அந்தப் பக்கம் ஒரு வேலையாப் போனேன். சும்மா அந்தப் படியப் பாத்தேன்."

"மேல் லயத்துப் படியவா?"

"ம். குழிஞ்சுதான் கெடக்கு." குரலை இறக்கினார். "கை வச்சுப் பாத்தேன். கிண்ணம் மாதிரி இருக்கு."

"அப்ப அணுவ ஒத்துக்கிறீங்களா முதலாளி?"

"அப்புடிச் சொல்லல. ஊர்ல எல்லாரும் எனக்குத்தான் கை தூக்கியிருக்காங்க." கொண்டியைத் தாளில் சுற்றினார். சுற்றியதைப் பிரித்து மறுபடி சுற்றினார். "ஆனா அந்தப் பொண்ணு சொன்னதுல ஒரு நியாயம் இருக்கு. நான் போய்ப் பாத்தேன்னு மட்டும் மல்லிகாகிட்ட சொல்லிறாதீங்க."

"சொல்லலைங்க" என்று வாக்குக் கொடுத்தேன்.

சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. அன்று காலையிலேயே மல்லிகா அக்கா பள்ளிக்கூட வாசலில் என்னை மறித்து நிறுத்தி, கவலையோடு கேட்டிருந்தார்.

"டீச்சர், நம்ம முதலாளிக்கு ஒடம்புக்கு ஏதும் முடியலையா? நேத்து எங்க படியில ரொம்ப நேரமா குனிஞ்சு உக்காந்து கல்லத் தடவிக்கிட்டே இருந்தாரு. கால்தான் பெரண்டுருச்சோன்னு பயந்து, வெந்நி வச்சு ஒத்தடம் குடுத்து அனுப்பிச்சேன். பாவம், நல்லாத்தான் இருந்திச்சு கால். ஆனா வேணாம்னு அவரு சொல்லவே இல்ல."